முட்டியில் 'டப்' என்று சத்தம், வீடு வருவதற்குள் வீக்கம்: மகளை ஆட விடலாமா?

செந்தூல் அப்பா | மார்ச் 3, இரவு 9:40

வணக்கம். என் மகளுக்கு 16 வயது, படிவம் நான்கு படிக்கிறாள். பள்ளியின் வலைப்பந்து அணியில் இருக்கிறாள். பதினைந்து நாளுக்கு முன் பயிற்சியில் எகிறிப் பந்தைப் பிடித்தவள், தரையில் கால் பட்டதும் பக்கவாட்டில் திரும்பியிருக்கிறாள். யாரும் இடிக்கவில்லை. முட்டிக்குள் 'டப்' என்று ஏதோ அறுந்தது போலச் சத்தம். பக்கத்தில் நின்ற பிள்ளைக்கும் அது கேட்டிருக்கிறது. வீடு வந்து சேர்வதற்குள் முட்டி இரண்டு மடங்காகிவிட்டது.

அன்று மாலையே என் அம்மா அவளைத் தெரிந்த ஒருவரிடம் சுளுக்கு எடுக்க அழைத்துப் போனார். அவர் சூடான எண்ணெய் விட்டு உருவி, காலை இழுத்துவிட்டார். அன்றிரவு பிள்ளை அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது. மறுநாள் கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்தோம். எலும்பு முறிவு இல்லை, சுளுக்குத்தான் என்று வலி மாத்திரை கொடுத்தார்கள்.

இப்போது வீக்கம் வடிந்துவிட்டது. சாதாரணமாக நடக்கிறாள். ஆனால் மாடிப்படி இறங்கும்போது இரண்டு முறை முட்டி 'நழுவிப் போனது' என்றாள். அடுத்த மாதம் மாவட்டப் போட்டி. முட்டியில் கவசம் மாட்டிக்கொண்டு ஆடலாம் என்கிறார் பயிற்றுநர். அவளும் பிடிவாதமாக இருக்கிறாள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய தடுப்பாட்டக்காரர் | மார்ச் 3, இரவு 10:05

ஆட விடாதீர்கள் ஐயா. கெஞ்சிக் கேட்கிறேன்.

எனக்கு 24 வயதில் செராஸில் ஒரு ஃபுட்சால் தளத்தில் இதே சத்தம் கேட்டது. எதிராளி என்னைத் தொடவே இல்லை. பந்தை மறித்துவிட்டு உடம்பைத் திருப்பினேன், பாதம் மட்டும் தரையில் பதிந்தபடி நின்றுவிட்டது. வீங்கியது, இரண்டு வாரத்தில் வடிந்தது. ஐந்தாவது வாரம் கவசத்தோடு தளத்தில் இறங்கினேன். நேராக ஓடியவரை ஒரு குறையும் தெரியவில்லை. முதல் திருப்பத்திலேயே முட்டி மடங்கி விழுந்தேன். அந்தத் தடவை மெனிஸ்கஸ் என்னும் குருத்தெலும்பு கிழிந்து மூட்டின் நடுவில் சிக்கிக்கொண்டது. காலை நீட்டவே முடியவில்லை. கிழிந்த துண்டைத் தைக்க வழியில்லாமல் வெட்டி எடுத்தார்கள்.

இன்று எனக்கு 43. சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டுப் பல வருடங்கள் ஆகின்றன. கோயிலில் விழுந்து கும்பிட முடிவதில்லை. முதல் காயத்துக்கு நான் பொறுப்பில்லை. இரண்டாவது காயம் முழுக்க என் அவசரத்தால் வந்தது.

பினாங்கு பிசியோ | மார்ச் 4, காலை 6:50

ஜார்ஜ்டவுனில் பிசியோதெரபிஸ்டாக வேலை பார்க்கிறேன். நேரில் கை வைத்துப் பார்க்காத முட்டிக்கு நோயின் பெயரைச் சொல்ல மாட்டேன். ஆனால் ஐயா, நீங்கள் எழுதிய ஒவ்வொரு வரியும் ஒரே திசையைக் காட்டுகிறது.

காயம்பட்ட முட்டியைப் பற்றி முதலில் நான் கேட்பது வலியைப் பற்றி அன்று. எவ்வளவு நேரத்தில் வீங்கியது என்றுதான் கேட்பேன். ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் முட்டி புடைத்தால் மூட்டுக்குள் இரத்தம் கசிந்திருக்கிறது என்று பொருள். விளையாட்டில் அப்படி இரத்தம் கசிய முதல் காரணம் ஏ.சி.எல். எனப்படும் முன் குறுக்குத் தசைநார் அறுவது. முட்டிச்சில்லு விலகினாலும், எலும்பு முறிந்தாலும் இப்படி வீங்கும். சில்லு பெரும்பாலும் வெளிப்பக்கம் விலகி, காலை நீட்டும்போது தானாகவே திரும்பி உட்கார்ந்துவிடும். அதனால் நோயாளிக்கே அது விலகியது தெரியாமல் போகலாம். மாறாக, ஆடி முடித்து இரவு தூங்கிக் காலையில் எழும்போது முட்டி கனத்திருந்தால், அது மெல்ல ஊறிய மூட்டு நீர். மெனிஸ்கஸ் கிழிந்தவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் வருகிறார்கள். மூட்டின் இடுக்கில் விரல் வைத்து அழுத்தினால் 'அங்கேதான்' என்பார்கள்.

அடுத்தது, காயம்பட்ட விதம். யாரும் இடிக்காமல், இறங்கும்போது அல்லது திரும்பும்போது நேர்ந்தது. அடுத்தது, சத்தம். அடுத்தது, நீங்கள் கடைசியில் சொன்ன நழுவல். அந்த நழுவல்தான் எனக்குக் கவலை தருகிறது. கீழ்க்கால் எலும்பு முன்னே வழுக்காமலும் முறுக்கிக்கொள்ளாமலும் பிடித்துவைப்பது ஏ.சி.எல். அது இல்லாத முட்டி நேர்ச்சாலையில் நன்றாகவே நடக்கும். திரும்பும்போதுதான் கைவிடும். அப்படிக் கைவிடும் ஒவ்வொரு முறையும் மேலெலும்பும் கீழெலும்பும் நடுவில் இருக்கும் மெனிஸ்கஸை நசுக்குகின்றன. மேலே எழுதிய நண்பருக்கு நடந்தது அதுதான்.

துணிக்கவசம் சூடு தரும், தைரியம் தரும். முறுக்கைத் தடுக்காது. பயிற்றுநரிடம் மரியாதையாக, ஆனால் உறுதியாக, முடியாது என்று சொல்லிவிடுங்கள்.

செந்தூல் அப்பா | மார்ச் 4, காலை 7:30

நன்றி. படித்ததும் கை நடுங்குகிறது. எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்றார்களே? கிளினிக் மருத்துவர் கவனிக்காமல் விட்டுவிட்டாரா?

பினாங்கு பிசியோ | மார்ச் 4, பகல் 1:15

அவர் மீது குறை சொல்ல மாட்டேன். எக்ஸ்ரே எலும்பைக் காட்டும், தசைநாரைக் காட்டாது. ஏ.சி.எல்.லை அறிய நம்பகமான கைப்பரிசோதனைக்கு லக்மன் என்று பெயர். முட்டியை 20 முதல் 30 பாகை மடக்கி, ஒரு கையால் தொடையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கீழ்க்காலை முன்னே இழுப்போம். நல்ல முட்டியில் கயிறு விறைப்பது போல ஓர் இடத்தில் பட்டென்று நிற்கும். அறுந்த முட்டியில் அந்த நிறுத்தம் இருக்காது. மறு காலோடு ஒப்பிட்டால் வேறுபாடு கைக்குத் தெரியும். ஆனால் முதல் நாள் வீக்கத்தோடும் பயத்தோடும் வரும் பிள்ளை தசையை இறுக்கிக்கொள்வாள், பரிசோதனை ஏமாற்றிவிடும். பத்துப் பதினைந்து நாள் கழித்து, இப்போதுதான், அது தெளிவாகத் தெரியும்.

அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குக்குப் போங்கள். ஒரு ரிங்கிட்தான். மேலே எழுதியதை அப்படியே சொல்லி, எலும்பியல் அல்லது விளையாட்டு மருத்துவப் பிரிவுக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். நீங்கள் கோலாலம்பூரில் இருக்கிறீர்கள், மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் விளையாட்டு மருத்துவத் துறையே இருக்கிறது. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் வேண்டுமா என்பதை அவர்கள் முடிவு செய்வார்கள்.

காத்திருக்கும் நாட்களில் சும்மா படுக்க வைக்காதீர்கள். குதிகாலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து முட்டி முழுதாக நேராகும்படி நாளுக்கு நாலைந்து தடவை விடுங்கள். தொடைத்தசையை இறுக்கிப் பத்து எண்ணும் வரை பிடிக்கட்டும். நேராக நடக்கலாம், நிலைமிதிவண்டி மிதிக்கலாம். ஓட்டம், எகிறல், திரும்பல் மூன்றும் வேண்டாம். காயம்பட்ட அன்றே சூடான எண்ணெய் விட்டு உருவி இழுத்துவிட்டதும் செய்திருக்கக் கூடாதது.

பட்டர்வொர்த் பேரன் | மார்ச் 4, இரவு 8:20

ஒரு வருத்தத்தைப் பதிவு செய்ய வேண்டும். என் தாத்தா நாற்பது வருடமாகச் சுளுக்கு எடுக்கிறார். தோட்டத்தில் மருத்துவர் இல்லாத காலத்தில் பால்மரம் சீவப் போய் வழுக்கி விழுந்தவர்களை எழுப்பி நடக்க வைத்தவர். இன்றும் காசு கேட்டு வாங்கியதில்லை. இப்படிப்பட்டவர்களைக் குற்றவாளிகள் போலப் பேசுவது எனக்குப் பிடிக்கவில்லை. அவரிடம் வந்து குணமான முட்டிகளை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பினாங்கு பிசியோ | மார்ச் 4, இரவு 10:40

தம்பி, உங்கள் தாத்தா மீது எனக்கு மதிப்பு உண்டு. என் பாட்டியும் நீவிவிடுகிறவர்தான், அந்தக் கைப்பக்குவத்தைப் பார்த்துத்தான் இந்த வேலைக்கே வந்தேன். இறுகிய தொடைத்தசைக்கும், நின்று நின்று மரத்துப்போன கெண்டைக்காலுக்கும் அந்தக் கை மருந்துதான்.

நான் சொல்வது முதல் இரண்டு மூன்று நாட்களைப் பற்றி மட்டும். அப்போது மூட்டுக்குள் இரத்தம் கசிந்துகொண்டிருக்கும். சூடு வைத்தாலும் அழுத்தி உருவினாலும் கசிவு கூடும். எலும்பில் விரிசல் இருந்து, அது தெரியாமல் இழுத்துவிட்டால் விரிசல் விலகும். பூட்டிக்கொண்ட முட்டியைப் பலவந்தமாக நீட்டினால், தைத்துக் காப்பாற்றியிருக்கக்கூடிய மெனிஸ்கஸ் நார்நாராகிவிடும். குணமான முட்டிகளைப் பார்த்தேன் என்கிறீர்கள், உண்மைதான். அவற்றில் பல, தாமாகவே ஆறும் காயங்கள். ஆறாத காயத்தோடு போனவர்கள் தாத்தாவிடம் திரும்பி வரவில்லை. இங்கே என்னிடம் வந்தார்கள்.

அந்த மூன்று நாளில் செய்ய வேண்டியது எளிது. ஆட்டத்தை நிறுத்துங்கள். மீள்பட்டையால் மிதமாகச் சுற்றுங்கள். கால் இருதயத்தைவிட உயரமாக இருக்கட்டும். வலி தாங்கவில்லை என்றால் துணியில் சுற்றிய பனிக்கட்டியைப் பதினைந்து இருபது நிமிடம் வையுங்கள். பனிக்கட்டி காயத்தை ஆற்றாது, வலியை அடக்கும், அவ்வளவே. 1978இல் ஓய்வு, பனி, கட்டு, உயரம் என்ற நான்கையும் ஒரே சூத்திரமாக்கிப் பரப்பிய அமெரிக்க மருத்துவரே பிற்காலத்தில், பனியும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று தம் கருத்தைத் திருத்திக்கொண்டார்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வலி மாத்திரைகளைத் தாராளமாகப் போடாதீர்கள். நம் ஊரில் டெங்கி எப்போதும் உண்டு. காய்ச்சலும் சேர்ந்திருந்தால் இபுபுரோஃபன் வகை மாத்திரை ஆபத்து. முட்டி சிவந்து கொதித்து, காய்ச்சலும் வந்தால் அது விளையாட்டுக் காயமாக இல்லாமல் மூட்டில் கிருமி புகுந்ததாக இருக்கலாம். அன்றே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். காயத்துக்குப் பின் பாதம் சில்லிட்டாலோ மரத்துப்போனாலோ ஒரு நிமிடமும் காத்திருக்கக் கூடாது, முட்டிக்குப் பின்னால் ஓடும் இரத்தக் குழாய் சேதமாகியிருக்கலாம்.

பூப்பந்து ரசிகன் | மார்ச் 5, காலை 11:00

எல்லோரும் இந்தப் பிள்ளையைப் பயமுறுத்துகிறீர்கள் என்று தோன்றுகிறது. நம் பூப்பந்து வீரர் டத்தோ லீ சோங் வெய் 2017 பிப்ரவரியில் பயிற்சியில் வழுக்கி இடது முட்டித் தசைநாரைக் கிழித்துக்கொண்டார். மார்ச் மாதமே பர்மிங்காமில் அகில இங்கிலாந்துப் பட்டத்தை வென்றார். மன உறுதி இருந்தால் எதுவும் முடியும்.

பினாங்கு பிசியோ | மார்ச் 5, பகல் 1:30

அந்த வெற்றியை நானும் கண்ணீரோடு பார்த்தேன். ஆனால் அவருக்குக் கிழிந்தது எம்.சி.எல்., அதாவது முட்டியின் உட்பக்கத் தசைநார். அதுவும் ஒரு பகுதிதான் கிழிந்தது. அது மூட்டுக்கு வெளியே, இரத்த ஓட்டம் நிறைந்த இடத்தில் இருக்கிறது. கிழிந்தால் இரத்தம் உறைந்து, அதன்மேல் புது நார் வளர்ந்து, பெரும்பாலும் கத்தி படாமலே ஒட்டிக்கொள்ளும். ஏ.சி.எல். மூட்டு நீருக்குள் மிதக்கிறது. அங்கே இரத்தம் உறைந்து நிற்காது, அறுந்த இரு முனைகளும் ஒன்றையொன்று எட்டுவது அரிது. இரண்டும் ஒரே முட்டியில் இருக்கும் இரண்டு தசைநார்கள், ஆனால் ஒன்றின் கணக்கை மற்றதற்குப் போட முடியாது.

பழைய தடுப்பாட்டக்காரர் | மார்ச் 5, இரவு 9:10

பூப்பந்தையே எடுத்துக்கொள்வோம். ஸ்பெயினின் கரோலினா மரின் 2019 ஜனவரியில் ஜகார்த்தாவில், சாய்னா நேவாலுக்கு எதிரான இறுதி ஆட்டத்தில், வலது முட்டியின் ஏ.சி.எல்.லை அறுத்துக்கொண்டார். எட்டு மாதத்தில் திரும்பிவந்து சீன ஓப்பனை வென்றார். அந்தச் செய்தியைப் படித்து நான் துள்ளினேன். 2021இல் இடது முட்டி போய் தோக்கியோ ஒலிம்பிக்கை இழந்தார். 2024இல் பாரிஸ் அரையிறுதியில் முன்னிலையில் இருந்தபோது மறுபடியும் வலது முட்டி. தளத்தில் முழங்காலிட்டு அவர் அழுததைப் பார்த்தவர்கள் மன உறுதி போதும் என்று சொல்ல மாட்டார்கள். அவரிடம் இல்லாத உறுதியா?

பூப்பந்து ரசிகன் | மார்ச் 5, இரவு 9:45

எம்.சி.எல். விவரம் எனக்குத் தெரியாது. நான் எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். பிள்ளை நலம் பெற வேண்டும்.

ஏரிக்கரை ஓட்டம் | மார்ச் 6, காலை 5:55

இழையின் நடுவில் வேறு கேள்வி கேட்பதற்கு மன்னிக்கவும். நான் தித்திவங்சா ஏரியைச் சுற்றி ஓடுகிறவன். விழவில்லை, வீக்கமும் இல்லை. ஆனால் ஆறாவது கிலோமீட்டரில் முட்டியின் வெளிப்பக்கம் கத்தியால் குத்துவது போல வலிக்கிறது. நின்றால் போய்விடுகிறது. என் மனைவிக்கோ முட்டியின் முன்பக்கம், படி இறங்கும்போதும் நெடுநேரம் உட்கார்ந்து எழும்போதும். போன தைப்பூசத்தில் பத்துமலையின் 272 படிகளை ஏறிவிட்டாள், இறங்கத்தான் முடியவில்லை.

பினாங்கு பிசியோ | மார்ச் 6, பகல் 1:20

இவை அறுந்த காயங்கள் இல்லை, தாங்கும் திறனுக்கு மேல் சுமை ஏற்றியதால் வருபவை. உங்களுடையது இடுப்பிலிருந்து முட்டியின் வெளிப்பக்கம் வரை ஓடும் நார்ப்பட்டையின் அடியில் ஏற்படும் எரிச்சலாக இருக்கலாம். இங்கே பினாங்குக் கொடிமலையின் ஜீப் பாதையில் ஓடி இறங்குகிறவர்கள் இதோடு அடிக்கடி வருகிறார்கள், இறக்கம்தான் இதற்குப் பகை. தூரத்தைக் குறையுங்கள், சில வாரம் இறக்கத்தை விடுங்கள், காலடியைச் சற்றே சிறிதாக்கி நிமிடத்துக்கு விழும் அடிகளைக் கூட்டுங்கள். இடுப்பின் பக்கத்தசையை வலுப்படுத்துங்கள்.

உங்கள் மனைவியின் வலி முட்டிச்சில்லுக்கும் தொடையெலும்புக்கும் இடையே எழுவது. படி இறங்கும்போது சில்லின் மேல் விழும் அழுத்தம் பல மடங்கு கூடுகிறது, அதனால்தான் ஏறியவரால் இறங்க முடியவில்லை. தொடைத்தசையும் இடுப்புத்தசையும் வலுவானால் ஆறேழு வாரத்தில் பெரும்பாலோருக்கு வலி குறைகிறது. முழு ஓய்வு எடுத்தால் வலி மறையும், தசையும் மெலியும், திரும்ப ஓடிய அன்றே வலி வாசலில் நிற்கும். பயிற்சியின்போது பத்துக்கு மூன்று அளவு வலி வந்தால் பயப்படாதீர்கள். மறுநாள் காலை அது கூடியிருந்தால் மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள்.

கெப்போங் தாய் | மார்ச் 6, மாலை 4:00

என் மகனுக்கு 12 வயது. காற்பந்து ஆடுகிறான். முட்டிக்குக் கீழே எலும்பு ஒரு புடைப்பாகத் துருத்திக்கொண்டிருக்கிறது, தொட்டால் துடிக்கிறான். இது என்ன?

பினாங்கு பிசியோ | மார்ச் 6, இரவு 10:15

சகோதரி, மளமளவென்று உயரும் வயதில் இது மிகச் சாதாரணம். தொடைத்தசையின் நாண் வந்து பற்றும் இடத்தில் எலும்பு இன்னும் முற்றாமல் இருக்கும். எகிறும்போதும் உதைக்கும்போதும் அந்த இடத்தை நாண் இழுத்து இழுத்துப் புண்ணாக்குகிறது. ஓஸ்குட்-ஸ்லாட்டர் என்று பெயர். எலும்பு வளர்ச்சி முடியும்போது அடங்கிவிடும், புடைப்பு மட்டும் நின்றுபோகலாம். விளையாட்டையே நிறுத்த வேண்டாம், ஆட்ட நாட்களைக் குறைத்தால் போதும்.

ஆனால் பிள்ளைகளின் முட்டிவலியில் இரண்டு விஷயங்களை நான் ஒருபோதும் விடமாட்டேன். முட்டி வலிக்கிறது என்று நொண்டுகிற பிள்ளைக்கு உண்மையான கோளாறு இடுப்பு மூட்டில் இருக்கலாம். இடுப்பில் எலும்பின் வளரும் முனை நழுவினால் வலி முட்டியில் தெரியலாம். இடுப்பையும் பார்க்கச் சொல்லுங்கள். இன்னொன்று, ஆடாத நாளிலும் வலித்து, இரவில் தூக்கத்தைக் கலைக்கும் வலி. அதை வளர்ச்சி வலி என்று ஒதுக்காமல் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். இந்த வயதில் எலும்புக் கட்டி முட்டியின் அருகில்தான் அதிகம் வருகிறது. அரிதுதான், ஆனாலும் தவறவிடக் கூடாதது.

செந்தூல் அப்பா | ஏப்ரல் 11, இரவு 9:00

ஸ்கேன் முடிவு வந்துவிட்டது. ஏ.சி.எல். முழுதாக அறுந்திருக்கிறது. மெனிஸ்கஸின் வெளி ஓரத்திலும் ஒரு கிழிசல். போட்டிக்கு அனுப்பவில்லை. மூன்று நாள் அவள் என்னோடு பேசவில்லை.

அறுவை செய்யலாம் என்கிறார் மருத்துவர். அம்மா வேண்டாம் என்கிறார். கத்தி பட்ட கால் கல்யாணத்துக்கு ஆகாது என்று உறவினர் ஒருவர் சொன்னதும் வீட்டில் பெரிய சண்டை.

கத்தி வேண்டாதவள் | ஏப்ரல் 11, இரவு 11:20

ஐயா, எனக்கு 35 வயது. நான்கு வருடத்துக்கு முன் ஏ.சி.எல். அறுந்தது. அறுவை செய்துகொள்ளவில்லை. எட்டு மாதம் விடாமல் பயிற்சி செய்தேன். இன்று நீந்துகிறேன், மிதிவண்டி ஓட்டுகிறேன், புக்கிட் காசிங்கில் மலை ஏறுகிறேன். ஒரு முறைகூட முட்டி நழுவவில்லை. வலைப்பந்தை மட்டும் விட்டுவிட்டேன். அறுவை ஒன்றே வழி என்று நினைக்காதீர்கள்.

பழைய தடுப்பாட்டக்காரர் | ஏப்ரல் 12, காலை 7:00

சகோதரி, உங்களுக்கு நல்லபடி நடந்ததில் மகிழ்ச்சி. ஆனால் 16 வயதுப் பிள்ளையிடம் எகிறாதே, திரும்பாதே என்று எத்தனை வருடம் சொல்ல முடியும்? முட்டியைச் சரிசெய்யாமல் ஆடப்போய் மெனிஸ்கஸைத் தொலைத்தவன் நான். செய்துவிடுங்கள்.

பினாங்கு பிசியோ | ஏப்ரல் 12, பகல் 2:00

இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஸ்வீடனில் 121 பேரை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2010இல் வெளிவந்தது. பாதிப் பேருக்கு உடனே அறுவை. மீதிப் பேருக்கு முதலில் பயிற்சி, முட்டி நிலைக்காவிட்டால் மட்டும் பிறகு அறுவை. இரண்டு வருடம் கழித்து வலியிலும் நடமாட்டத்திலும் இரு பக்கமும் பெரிய வேறுபாடு இல்லை. பயிற்சிப் பக்கத்தில் 23 பேர் பிறகு அறுவைக்குப் போனார்கள், மற்றவர்களுக்குத் தேவைப்படவில்லை. ஆகவே கத்தி வேண்டாதவள் எழுதியது அதிர்ஷ்டக் கதை அன்று.

ஆனால் அந்த ஆய்வில் இருந்தவர்கள் வளர்ந்தவர்கள். உங்கள் மகளின் முட்டி படியிலேயே நழுவுகிறது, திரும்பித் திரும்பி ஆடும் விளையாட்டுக்குப் போக விரும்புகிறாள், மெனிஸ்கஸிலும் கிழிசல். அந்தக் கிழிசல் வெளி ஓரத்தில் என்பது நல்ல செய்தி. மெனிஸ்கஸின் வெளி மூன்றில் ஒரு பகுதிக்கு இரத்த ஓட்டம் உண்டு, தைத்தால் ஒட்டும். உட்பகுதிக்கு அது இல்லை. காத்திருக்கும் காலத்தில் முட்டி மேலும் நழுவினால் அந்த ஓரக் கிழிசல் உள்ளே ஓடும். இவளைப் போன்றவர்களுக்கு அறுவையைப் பரிந்துரைப்பது அதனால்தான். உங்கள் மருத்துவர் சரியான பாதையில் இருக்கிறார் என்பது என் எண்ணம்.

நாற்பது ஐம்பது வயதில், விழாமலே, தேய்மானத்தால் மெனிஸ்கஸ் கிழிந்தவர்கள் இதைப் படித்துவிட்டு அறுவைக்கு ஓட வேண்டாம். ஃபின்லாந்தில் 146 பேரிடம் செய்த ஆய்வு 2013இல் வந்தது. பாதிப் பேருக்கு மெனிஸ்கஸை வெட்டினார்கள், பாதிப் பேருக்கு வெட்டியது போல நடித்தார்கள். ஒரு வருடத்தில் இரு பக்கமும் ஒரே பலன்தான்.

கல்யாணப் பேச்சைப் பற்றி ஒன்று சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். முட்டியில் இருக்கப்போவது விரல் நீளத் தழும்பு. 40 வயதில் நொண்டி நடப்பதோடு அதை ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

செந்தூல் அப்பா | ஏப்ரல் 12, இரவு 9:30

கடைசி வரியை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனார். அரை மணி நேரம் கழித்து வந்து, 'தேதி எப்போது' என்று கேட்டார்.

செந்தூல் அப்பா | ஜூன் 20, இரவு 8:10

மே மாத இறுதியில் அறுவை முடிந்தது. தொடையின் பின்பக்கத் தசைநாணை எடுத்து ஏ.சி.எல். இருந்த இடத்தில் பொருத்தி, மெனிஸ்கஸையும் தைத்திருக்கிறார்கள். இனி மகளே கேட்கிறாள்.

வணக்கம். எனக்கு வலி இல்லை. ஆனால் ஒன்பது மாதம் ஆடக் கூடாது என்கிறார்கள். ஏன் ஒன்பது மாதம்? என் தோழி ஒருத்திக்கு ஆறு மாதத்தில் ஆட அனுமதி கொடுத்தார்கள். இன்னொரு கேள்வி: வரும் தைப்பூசத்தில் பாட்டியோடு பால்குடம் எடுத்துப் பத்துமலை ஏற முடியுமா?

பினாங்கு பிசியோ | ஜூன் 21, காலை 6:40

வா தங்கை. நீயே கேட்டது நல்லது.

உன் முட்டிக்குள் வைத்திருப்பது தசைநாண், அதாவது தசையை எலும்போடு பிணைப்பது. அது எலும்பை எலும்போடு பிணைக்கும் தசைநாராக மாற வேண்டும். வைத்த சில வாரங்களில் அதன் பழைய உயிரணுக்கள் அழிந்து, புதிய இரத்தக் குழாய்கள் ஊடுருவி, நார்கள் மறுபடி அடுக்கப்படுகின்றன. இடைப்பட்ட மாதங்களில் அது வைத்த அன்று இருந்ததைவிட பலவீனமாக இருக்கும். அதே மாதங்களில்தான் உனக்கு வலி போய், முட்டி நன்றாக இருப்பதாகத் தோன்றும். 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஒன்பதாம் மாதம் வரை ஆட்டத்தைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறுகாயம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. இளைஞர்களில் ஆட்டத்துக்குத் திரும்பியவர்களில் நான்கில் ஒருவருக்கு அருகில் மறுபடியும் ஏதாவது ஒரு முட்டி அறுகிறது. உன் வயதுக்கு இந்த எண்ணிக்கைதான் எனக்குப் பயம்.

நாட்காட்டி மட்டும் போதாது. தொடைத்தசையின் பலம் மறு காலின் 90 விழுக்காட்டைத் தொட வேண்டும். ஒற்றைக் காலில் தாவும் சோதனையிலும் அதே அளவு வேண்டும். எகிறி இறங்கும்போது முட்டி உள்ளே சாயாமல் பாதத்துக்கு நேராக நிற்க வேண்டும். கண்ணாடி முன் நின்று பார், உன் பயிற்சி முழுவதும் அந்தச் சாய்வைத் திருத்துவதுதான். பெண்களுக்கு ஏ.சி.எல். அதிகம் அறுவதற்குச் சொல்லப்படும் காரணங்களில் நாம் மாற்றக்கூடியவற்றில் அது முக்கியமானது.

அப்பாவிடம் ஒரு வேண்டுகோள். ஃபிஃபா உருவாக்கிய 11+ என்னும் ஆயத்தப் பயிற்சியைப் பள்ளிப் பயிற்றுநரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். 15 பயிற்சிகள், 20 நிமிடம், கருவி எதுவும் வேண்டாம். காற்பந்துக்காக உருவானது, ஆனால் எகிறி இறங்கக் கற்றுத்தருவது எந்த ஆட்டத்துக்கும் பொருந்தும். வாரம் இரண்டு முறையாவது விடாமல் செய்த அணிகளில் காயங்கள் தெளிவாகக் குறைந்திருக்கின்றன. அணியில் மீதி இருக்கும் பிள்ளைகளுக்கும் முட்டி இருக்கிறது.

தைப்பூசத்துக்குள் எட்டு மாதம் ஆகியிருக்கும். பயிற்சியை விடாமல் செய்திருந்தால் படி ஏறலாம். இறங்குவதுதான் கடினம். கூட்டம் நெருக்கும், யாராவது இடித்தால் திடீரென்று திரும்ப நேரும். கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து, கைப்பிடிச்சுவர் ஓரமாக, பாட்டியின் வேகத்தில் இறங்கு.

கத்தி வேண்டாதவள் | ஜூன் 21, இரவு 10:00

தங்கை, நான்காவது மாதம் சலிப்பு வரும். முன்னேற்றமே இல்லாதது போல இருக்கும். அந்த மாதம் எனக்கு எழுது.

பட்டர்வொர்த் பேரன் | ஜூன் 23, மாலை 6:30

மார்ச்சில் கோபமாக எழுதியவன் நான். அன்று இந்த இழையைத் தாத்தாவுக்கு முழுதாக வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், பல வருடத்துக்கு முன் தாம் இழுத்துவிட்ட ஒரு பையனின் முட்டியைப் பற்றிச் சொன்னார். அவன் பிறகு வரவே இல்லை என்றார்.

போன வாரம் கபடி ஆடும் பையன் ஒருவனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தாத்தா எண்ணெய்க் கிண்ணத்தை எடுக்கவில்லை. சத்தம் கேட்டதா, எவ்வளவு நேரத்தில் வீங்கியது என்று இரண்டு கேள்வி கேட்டார். பிறகு என்னை அழைத்து, வண்டியை எடு, மருத்துவமனைக்குப் போகலாம் என்றார். அவரும் கூடவே வந்து பின் இருக்கையில் பையனின் காலைத் தம் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பினாங்கு பிசியோ | ஜூன் 23, இரவு 9:50

தாத்தாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அவரிடம் மூன்றாவது கேள்வி ஒன்றையும் சேர்க்கச் சொல்லுங்கள்: நொண்டியாவது நான்கு அடி நடக்க முடிகிறதா? முடியாவிட்டாலோ, முட்டியை 90 பாகை மடக்க முடியாவிட்டாலோ, சில்லின் மேல் அழுத்தினால் வலித்தாலோ, முட்டிக்கு வெளிப்பக்கம் சற்றுக் கீழே இருக்கும் சின்ன எலும்புமுனை வலித்தாலோ எக்ஸ்ரே கட்டாயம். 55 வயதோ அதற்கு மேலோ ஆனவர் என்றால் இவை எதுவும் இல்லாவிட்டாலும் எடுக்க வேண்டும். அந்தப் பையனுக்கு என்ன ஆயிற்று?

பட்டர்வொர்த் பேரன் | ஜூன் 23, இரவு 10:05

சில்லில் விரிசல். மாவுக்கட்டுப் போட்டிருக்கிறார்கள். தாத்தா நாளை அவனைப் பார்க்கப் போகிறார்.